மிதிகட்டைக்கு எதற்குக் ‘கள்’?

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால், ஒன்று சொத்துப் பிரிக்கப் போகிறார்கள், இல்லாவிட்டால் அந்த அண்ணி உண்மையிலேயே பெரிய ஆள். எங்கள் வீட்டில் பிரிக்கிற அளவுக்குச் சொத்து எதுவும் கிடையாது. ஆகவே மேற்கொண்டு படிக்கிறவர்கள் என்னை நம்பலாம்.

எனக்கும் அண்ணிக்கும் ஒரே வயது. ஆனாலும் அண்ணன் பெண்டாட்டி என்பதால் நான் அவளை ‘நீங்க’ என்பேன். அவள் என்னை ‘டீ’ போட்டுத்தான் பேசுவாள். எனக்கு அவள் வைத்திருக்கிற பெயர் ‘பிழை’. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், அதனால். பாடப் புத்தகம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதம், அரசாங்கப் படிவம், எது வந்தாலும் சிவப்பு மையோடு உட்கார்ந்து, ஒற்று விட்ட இடத்தில் ஒற்றுப் போட்டு, கால் விட்ட இடத்தில் கால் போட்டு அனுப்புவேன். பிழைதான் என் பிழைப்பு. அவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை. லேபிலிருந்து வீடு வீடாகப் போய், ஊசி குத்தி, குழாயில் ரத்தம் பிடித்துக்கொண்டு வருகிறவள். போகிற வீடுகளில் எல்லாம் அவளுக்குப் பெயர் ஊசியக்கா. “அவ குத்துறது ஊசியால, நீ குத்துறது பேனாவால, நடுவுல மாட்டிக்கிட்டது நான்,” என்பான் என் அண்ணன்.

அண்ணியின் வலது முழங்கால் மடங்காது. பத்து வருடத்துக்கு முன்னால், பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரு வேன் அவளைச் சுவரோடு வைத்து நசுக்கியது. மூன்று ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே ஒரு கம்பியை வைத்து முட்டியைப் பூட்டிவிட்டார்கள். நிற்கலாம், நடக்கலாம், மடக்க மட்டும் முடியாது. அதற்கப்புறம் பதினான்கு மாதம் அவள் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியில் இருந்தாள், எதிரே ஒரு ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். உக்காரும்மா. உக்காந்து சாப்பிடும்மா. உக்காந்து டிவி பாரு, உக்காந்துகிட்டே செய்யிற மாதிரி ஏதாவது வேலை பாரு. பதினான்காவது மாதம், ‘உக்காரு’ என்று யாராவது வாயைத் திறந்தாலே அவள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கும்.

முழங்கால் மடங்காதவளுக்கு ஊரில் இடமே கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் அவள் கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். இறங்குகிறவர்கள் தடுக்கி விழுந்துவிட்டு அவளையே திட்டுவார்கள். வாடகைக் காரில் பின் சீட்டில் குறுக்காகப் படுக்க வேண்டும். கடைசியில் வழி செய்தவர் எங்கள் தெரு முனை சைக்கிள் கடைக்காரர். அவரை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பின் சக்கரத்தில் மோட்டார் வைத்த பேட்டரி சைக்கிள் ஒன்றை எடுத்து, அவளுடைய நீட்டிய காலில் இடிக்கிறதென்று இரண்டு பெடலையும் கழற்றிவிட்டு, முன் சக்கரத்துப் பக்கமாக ஓர் இரும்புக் கம்பியை வெல்டு வைத்து, அதன் மேல் ரப்பர் சுற்றிக் கொடுத்தார். வலது கால் அதில் சொகுசாக நீண்டிருக்கும். அந்தக் கம்பிக்குத் துணைக்கால் என்று பெயர் வைத்தது நான். அச்சகத்துக்காரிக்கு வேறு என்ன தோன்றும்?

அன்றைக்கு நாற்காலியை விட்டு எழுந்தவள்தான். எட்டு வருடமாகக் காலை ஆறு மணிக்கு, பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். வெறும் வயிற்றோடு காத்திருக்கிறவர்கள் பன்னிரண்டு வீடு, சில நாள் பதினைந்து. ஒன்பது மணிக்குள் எல்லாக் குழாயும் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யும், எந்தக் கிழவருக்கு இடது கையில்தான் நரம்பு கிடைக்கும், எந்த ஆள் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. படுக்கையில் கிடக்கிறவர்களிடம், கட்டிலுக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்து, “எனக்கு ஒரு முட்டி போச்சு, உங்களுக்கு என்ன போச்சு?” என்று கேட்பாள். அவர்கள் பதில் யோசிக்கிற நேரத்தில் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சட்டம் வந்தது.

சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பேட்டரி வண்டி என்ற பெயரில் பேய் வேகத்தில் நடைபாதை மேல் ஏறி வருகிறவர்களை நானே வாயில் வந்தபடி திட்டியிருக்கிறேன். அப்படி ஒருவன் இடித்து இடுப்பெலும்பு முறிந்த பெரியவருக்கு அண்ணிதான் போய் ரத்தம் எடுத்தாள். அதனால், பெடல் வைத்து மெதுவாகப் போகிற வண்டிகளைச் சைக்கிள் என்று வைத்துக்கொள்வோம், பெடல் இல்லாதவை மோட்டார் வண்டி, அவற்றுக்கு நம்பர் பலகை, லைசென்ஸ், காப்பீடு எல்லாம் வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதில் நியாயம் இருந்தது. சட்டத்தைப் போட்டவர்கள் ஒரு முட்டியை மட்டும் எண்ணாமல் விட்டுவிட்டார்கள்.

அந்தச் சட்டத்துக்கான படிவம் எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. என் மேஜைக்குத்தான் வந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. கையெழுத்துப் பிரதியில் நான்காவது கட்டத்தில், ‘மிதித்து ஓட்டக்கூடிய மிதிகட்டை: உண்டு / இல்லை’ என்று இருந்தது. நான் என்ன செய்தேன்? சைக்கிளுக்கு இரண்டு மிதிகட்டை, இது யாரடா ஒருமையில் எழுதியது என்று உச்சுக்கொட்டிவிட்டு, சிவப்பு மையில் ஒரு ‘கள்’ போட்டேன். மிதிகட்டைகள். யாரும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. படிவமும் அறிவிப்பும் அந்தக் ‘கள்’ளோடு அச்சாகி ஊர் முழுக்கப் போயின. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நாள் காலையில், பாலத்துக்குக் கீழே அண்ணியைப் போலீஸ்காரர் நிறுத்தினார். குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பார்த்தார்.

“பெடல் எங்கம்மா?”

“கழட்டிட்டேன் சார். கால் மடங்காது.”

“அப்ப இது மோட்டார் வண்டி. லைசென்ஸ் எடுங்க.”

“முட்டி மடங்கலேன்னா லைசென்ஸ் தர மாட்டாங்க சார். டாக்டர் சர்டிபிகேட்ல அதுதான் முதல் கேள்வி.”

“அப்ப பெடல் மாட்டுங்க.”

“கால் மடங்காதுன்னு இப்பத்தானே சார் சொன்னேன்?”

போலீஸ்காரர் கெட்டவர் இல்லை. அவரும் இரண்டு தடவை யோசித்துப் பார்த்தார். இரண்டு தடவையும் சுற்றி வந்து அதே இடத்தில்தான் நின்றார். கடைசியில் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பதினைந்து நாளுக்குள் ஏதாவது ஒரு வழியில் வண்டியைச் சரிசெய்து அனுமதி ஸ்டிக்கர் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி பறிமுதல். மாற்றுத் திறனாளிகளுக்கென்று கம்பெனியிலேயே செய்த மூன்று சக்கர வண்டி இருக்கிறதே என்று அண்ணன் விசாரித்துவிட்டு வந்தான். அதற்கு எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். வந்தாலும் அவள் போகிற சந்துகளில் பாதிக்குள் அது நுழையாது.

லேப் மேனேஜரிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன். “எத்தனை நாளைக்கும்மா இந்த அலைச்சல்? பின் ரூம்ல குழாய்க்கு லேபிள் ஒட்டுற வேலை இருக்கு. ஃபேன் இருக்கு. ஹாயா உக்காந்து பாரு,” என்றார். அதோடு விட்டிருக்கலாம். “முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்படலாமா? நல்லதுக்குத்தான் சொல்றேன்,” என்றும் சேர்த்துக்கொண்டார்.

“தேன் எனக்கு வேண்டாம் சார்,” என்றாள் அண்ணி. “ரோடு போதும்.”

அந்தப் பின் ரூமை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, எதிரே காலை நீட்டிக்கொள்ளத் தோதாக ஒரு ஸ்டூல் கூட இருந்தது. அன்று சாயங்காலம் அண்ணி மேல் மாடியிலிருந்து என் வீட்டுக்கு இறங்கி வந்து, சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்: “பிழை, என்னை மறுபடியும் நாற்காலியில போட்டாங்கன்னா, இந்த முறை நான் எந்திரிக்க மாட்டேன்டி. எனக்கே தெரியுது.” அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. மேஜை டிராயரில் அந்தப் படிவத்தின் திருத்தப் பிரதி, என் சிவப்பு மையோடு கிடந்தது.

மறுநாள் நட்டுவின் கடைக்குப் போனால் அங்கே திருவிழாக் கூட்டம். ஊரில் பெடலுக்குப் பஞ்சம். பெடல் இல்லாத ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லாம் எங்கேயாவது இரண்டு பெடலைத் தொங்கவிட்டு, ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு, வரும் வழியிலேயே கழற்றி எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் தன் பிள்ளையின் மூன்று சக்கரச் சைக்கிள் பெடலைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். இந்தத் தில்லுமுல்லு தெரிந்து, வாகன அலுவலகத்தில் இப்போது புது ஏற்பாடு: பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, முப்பது மீட்டர் மிதித்து ஓட்டிக் காட்ட வேண்டும்.

“சும்மா ஒட்டி விடட்டுமா?” என்று கேட்க வாயெடுத்த நட்டு, அண்ணி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். பிறகு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “இடது கால் நல்லா இருக்குல்ல? அப்ப அதை மட்டும் வேலை வாங்குவோம்.”

வலது பக்கம் துணைக்கால் இருந்தபடியே இருக்கட்டும். இடது பக்கம் மட்டும் பெடல். பாதத்தை அதோடு சேர்த்துக் கட்ட ஒரு வார், அப்போதுதான் மிதித்த பெடலை மேலே இழுக்கவும் முடியும். வலது பக்கத்தில் பெடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஈயக் கட்டி. அது கீழே இறங்கும்போது இந்தப் பக்கத்துப் பெடல் மேலே வரக் கொஞ்சம் கை கொடுக்கும். எல்லாம் நட்டுவின் மூளை. ஓட்டுவது அண்ணியின் பாடு.

எங்கள் குடியிருப்புக் கட்டடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. சாயங்காலம் அங்கேதான் பயிற்சி. முதல் நாள் நான்கு மீட்டர் போய் விழுந்தாள். அடுத்த நாள் ஆறு மீட்டர் போய்க் குப்பைத் தொட்டியில் விழுந்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. பாதி சுற்றுக்கு மேல் பெடல் ஏற மாட்டேன் என்று நிற்கும். அந்த ஒரு நொடியில் வண்டி சாயும். மடங்காத காலை ஊன்றிச் சமாளிக்கவும் முடியாது. அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். வேலை முடிந்து யூனிஃபார்மோடு ஓடி வந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவான்.

“விடுங்க! பிடிக்காதீங்கன்னு சொன்னேன்ல?”

“விழுந்துருவேடீ!”

“விழுந்தா விழுறேன். நீங்க பிடிச்சா எங்க சாயுதுன்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது!”

மூன்றாம் மாடி, நான்காம் மாடி ஜன்னல்களில் எல்லாம் தலைகள். “பாவம்,” என்று ஒரு குரல் மேலேயிருந்து வந்தது. அண்ணி நிமிர்ந்து பார்த்து, “பாவம்னா இறங்கி வந்து தொட்டியை நகர்த்துங்க!” என்றாள். நிஜமாகவே இருவர் இறங்கி வந்து தொட்டிகளை நகர்த்தினார்கள்.

ஆறாம் நாள் அவள் முழங்கைச் சிராய்ப்பில் நான் மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். படிவத்தில் ‘மிதிகட்டை’ என்றுதான் இருந்தது, நான்தான் ‘கள்’ போட்டேன், ஒருமையாகவே விட்டிருந்தால் உங்களுடைய ஒரு பெடலே செல்லும், இப்போது இரண்டு கேட்பார்கள் என்றேன்.

அண்ணி முழங்கையை இழுத்துக்கொண்டாள். “ஏன்டீ போட்டே?”

“சைக்கிளுக்கு ரெண்டு இருக்குமேன்னு...”

“பேசுறப்ப ‘கால்கள் வலிக்குது’ன்னா சொல்ற? ‘கண்கள் எரியுது’ன்னா சொல்ற? ‘ரெண்டு கால்’, ‘பத்து மாடு’, ‘நாலு ஆளு’. இதுல எங்கடீ வந்துச்சு கள்ளு?” என்றாள். கோபத்தில் அவள் காது மடல் சிவந்திருந்தது. நியாயமான கோபம். பிறகு, என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, “நீ போட்ட கள்ளு என் தலைக்கு ஏறிடுச்சு. சரி, வந்து சீட்டைப் பிடி. உன் அண்ணன் பிடிச்சா எனக்கு எரிச்சலா வருது,” என்றாள்.

பன்னிரண்டாம் நாள் சுவரிலிருந்து கேட்டு வரை விழாமல் போனாள். நான் அளந்து பார்த்தேன், முப்பத்தெட்டு மீட்டர். இந்த இடைவெளியில் அவள் ஒருநாளும் வேலைக்குப் போகாமல் இல்லை. பாலத்துப் பக்கத்தைத் தவிர்த்து, சுற்று வழியில், அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் வந்தாள்.

பதினான்காம் நாள் வாகன அலுவலகம் போனோம். துணைக்கு நானும் லீவு போட்டேன். அவளுக்காக இலக்கண ஆதாரத்தோடு ஆறு பக்கம் மனு எழுதி வைத்திருந்தேன், உறையில் போட்டு, கூடவே என் திருத்தப் பிரதியும். அண்ணி அந்த உறையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அலுவலகத்து முற்றத்தில் சுண்ணாம்புக் கோடு இரண்டு, ஒன்றுக்கொன்று முப்பது மீட்டர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் ஐம்பதை நெருங்குகிற மனிதர்; காதில் பேனா. அண்ணி பேட்டரியைக் கழற்றி அவர் காலடியில் வைத்தாள். துணைக்கால் மேல் வலது காலை நீட்டினாள். குனிந்து இடது பாதத்தை வாரால் கட்டினாள். ஸ்டிக்கருக்காக வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதல் சுற்றில் வண்டி ஆடியது. இரண்டாவதில் அதைவிட ஆடியது. மிதி, இழு, மிதி, இழு என்று நானே முணுமுணுத்துக்கொண்டிருந்தேனாம், பக்கத்திலிருந்தவர் அப்புறம் சொன்னார். பாதி தூரத்தில் நேரானாள். அந்தக் கோட்டைத் தாண்டினாள். தாண்டியதோடு நிற்காமல், வளைத்துத் திருப்பி, மறுபடியும் மிதித்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து நிறுத்தினாள். திரும்பி வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆய்வாளர் குந்தி உட்கார்ந்து வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “இன்னொரு பெடல் எங்கம்மா?”

“அது இருக்க வேண்டிய எடத்துல என் கால் இருக்கு சார்.”

அவர் எழுந்து தன் அறைக்குப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். அறைக் கதவில் ஒரு பலகை: ‘ஆய்வாளர் அவர்களின் அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது.’ அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். அவர் படிவத்தைத் திருப்பி, நான்காவது கட்டத்தின் மேல் விரலை வைத்தார். “மிதிகட்டைகள்னு போட்டிருக்கு. ‘கள்’னா ஒண்ணுக்கு மேல. உங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு. நான் என்ன செய்ய?”

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “சார், அந்தக் ‘கள்’ நான் போட்டது சார்!”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காலங்காத்தாலயேவா?”

கதவுக்கு வெளியே வரிசையில் சிரிப்பு வெடித்தது. நான் உறையைப் பிரித்து, திருத்தப் பிரதியைக் காட்டி, மூச்சு வாங்க விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, “யார் போட்டா என்னம்மா? அச்சுல வந்துருச்சு. அச்சுல வந்ததுதான் விதி,” என்று பிரதியை என்னிடமே நீட்டினார். இருபது வருடமாக நான் நம்பிக்கொண்டிருந்ததும் அதைத்தான். என் ஆறு பக்கமும் அதோடு முடிந்தது.

அண்ணி கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். “சார், வெளிய ‘ஆய்வாளர் அவர்கள்’னு போட்டிருக்கே, உள்ள எத்தனை ஆய்வாளர் இருக்கீங்க?”

“நான் ஒருத்தன்தான். ஏன்?”

“ஒருத்தருக்கு எதுக்கு சார் ‘கள்’?”

“அது மரியாதைக்குப் போடுறதும்மா.”

“அப்ப என் பெடலுக்கும் மரியாதைக்குப் போட்டதா வச்சுக்குங்க சார். ரெண்டு கால் வேலையை அது ஒண்ணே செய்யுது. அதுக்கு இல்லாத மரியாதையா?”

வெளியே சிரிப்பு, கைதட்டல், ஒரு விசில் கூட. ஆய்வாளர் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்து, முடியாமல் சிரித்தேவிட்டார். என் இலக்கணம் எல்லாம் எங்கே, இவள் வாய் எங்கே! பொறாமையாகத்தான் இருந்தது.

அவர் பேனாவை எடுத்தார். “சரிம்மா. நல்லா ஓட்டிக் காட்டினீங்க. மிதிகட்டைகள் உண்டு, எண்ணிக்கை ரெண்டுன்னு எழுதிடறேன். யாரு வந்து எண்ணப் போறா? ஸ்டிக்கரை வாங்கிட்டுக் கிளம்புங்க.”

நான் அண்ணியின் இடுப்பில் இடித்தேன். வாங்குங்கள், வாங்கிவிடுங்கள், ஓடிவிடலாம் என்று அதற்கு அர்த்தம். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“ரெண்டுன்னு எழுதாதீங்க சார்.”

“ஏம்மா, உங்களுக்கு நல்லதுதானே செய்யறேன்?”

“பாலத்துக்குக் கீழ நிக்கிறவர் எண்ணுவார் சார். அப்ப நான் கள்ள ஸ்டிக்கர் வச்சிருக்கிறவ. அது ஒண்ணு. இன்னொண்ணு, ரெண்டு காலால மிதிக்கிறவன்னு நீங்க எழுதினா அது வேற யாரோ. முப்பது மீட்டர் போய்த் திரும்பி வந்தது நான். ஒண்ணுன்னு எழுதி, ஓட்டினாள்னு எழுதுங்க.”

“ஒண்ணுன்னு எழுதினா அனுமதி இல்லேன்னுதான் எழுத முடியும்.”

“எழுதுங்க சார். ஆனா காரணத்தையும் எழுதுங்க. ‘முழுத் தூரமும் மிதித்து ஓட்டிக் காட்டினார். ஒரு காலால் ஓட்டியதால் அனுமதி இல்லை.’ உங்க கையால எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் அதை லேமினேட் பண்ணி, ஸ்டிக்கர் ஒட்டுற எடத்துல மாட்டிக்கிட்டு தினமும் ஓட்டுவேன். எவ்வளவு பேர் நிறுத்துறாங்களோ அவ்வளவு பேருக்கும் படிச்சுக் காட்டுவேன். வண்டியை எடுத்துக்கிட்டாங்கன்னா, எடுத்துக்கிட்டாங்கன்னு அதையும் எழுதி வாங்கிப்பேன்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். அண்ணிக்கு அந்தக் குணம் உண்டு, வீட்டில் நாங்கள் அதனால் பட்டிருக்கிறோம். ஆனால் அன்றைக்கு அவள் பிடித்தது முயல் இல்லை, தன் கால். அதற்கு எத்தனை என்று அவளுக்குத் தெரியும்.

ஆய்வாளர் ‘அனுமதி’ என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. காரணம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. வரிசை மொத்தமும் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒருமுறை அண்ணியின் நீட்டிய காலைப் பார்த்தார். அவரால் அந்த வாக்கியத்தைத் தன் கையால் எழுத முடியவில்லை. எழுத வராமல் இல்லை, வெட்கம். அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“உக்காருங்கம்மா, யோசிக்கிறேன்,” என்றார்.

“நிக்கிறேன் சார்.”

பிறகு அவர் நான்காவது கட்டத்துக்குப் போய், அச்சடித்த ‘மிதிகட்டைகள்’ என்பதில் கடைசி இரண்டு எழுத்தையும் ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார். ‘ஒன்று. ஓட்டிக் காட்டினார்’ என்று எழுதினார். ‘அனுமதி’ என்பதற்குப் பக்கத்தில் ‘வழங்கப்படுகிறது’ என்று முடித்து, டிராயரிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து வைத்தார். என் மேஜையில் எத்தனையோ ஆயிரம் அடித்தல் திருத்தல் பார்த்திருக்கிறேன். அவ்வளவு சுத்தமான திருத்தத்தைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணி ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டாள். படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, மடித்துப் பையில் வைத்தாள். தலையசைத்துவிட்டு வெளியே வந்தாள். வரிசை வழிவிட்டது. முற்றத்தில் பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் அவள் காதருகே குனிந்து, “அண்ணி, அவருக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

அவள் வாரை இழுத்துக் கட்டினாள்.

“எதுக்குடீ? மிதிச்சது நான்.”